அத்தியாயம் 7: கச்சேரி மேடையில் ஈக்யூ, கம்ப்ரசர், ரிவெர்ப்

மைக் வைத்தாயிற்று, கேபிள் இழுத்தாயிற்று, ஸ்பீக்கரில் சத்தமும் வருகிறது. இனி மிக்சருக்குள் இருக்கும் கருவிகளைத் தொடப் போகிறோம். இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கர்னாடகக் கச்சேரி: வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், எலக்ட்ரானிக் தம்புரா. 300 பேர் உட்காரும் சபா அரங்கம். 16 சேனல் மிக்சர் தாராளம்.

மெல்லிசை மேடையை விட்டுவிட்டுக் கச்சேரியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. டிரம்ஸ், கிடார், கீபோர்டு எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் மேடையில் ஒரு சேனலில் நீங்கள் செய்த தவறு மற்றவற்றின் அடியில் மறைந்துவிடும். கச்சேரியில் மறைய இடமில்லை. ஆலாபனையின்போது அரங்கில் தம்புராவும் குரலும் மட்டும்தான் இருக்கும். கம்ப்ரசர் அதிகமாக அமுக்கினால் முதல் வரிசை ரசிகருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விதி. காதில் ஒரு குறை கேட்டால் மட்டுமே ஒரு கருவியைப் போடுங்கள். எந்தக் குறைக்காகப் போட்டீர்கள் என்று சொல்லத் தெரியாவிட்டால் அதை அணைத்துவிடுங்கள். டிஜிட்டல் மிக்சரில் ஒவ்வொரு சேனலிலும் எல்லாக் கருவியும் இருப்பதால், எல்லாவற்றையும் போட்டுவிடும் பழக்கம் புதிதாக வருபவர்களிடம் நிறைய இருக்கிறது. அதை முதல் நாளே விட்டுவிடுவது நல்லது.

## ஒலி போகும் பாதை

பெரும்பாலான மிக்சர்களில் வரிசை இதுதான்: மைக், கெயின், லோ கட், கேட், ஈக்யூ, கம்ப்ரசர், ஃபேடர், மெயின் அவுட். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 போன்றவற்றில் கம்ப்ரசரை ஈக்யூவுக்கு முன்னாலும் மாற்றி வைக்கலாம். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் வேலை செய்யும் வரிசையும் இதே வரிசையாக இருக்கட்டும். கெயின் சரியில்லாமல் ஈக்யூவுக்குப் போகாதீர்கள். ஈக்யூ முடியாமல் கம்ப்ரசரைத் தொடாதீர்கள். பின்னால் போய்க் கெயினை மாற்றினால் கம்ப்ரசரின் கணக்கு முழுதும் மாறிவிடும்.

## படி ஒன்று: கெயின்

1. மெயின் ஃபேடரையும் மானிட்டர் அனுப்பல்களையும் முழுக்க இறக்குங்கள். சேனலை மியூட் செய்யுங்கள்.
2. கண்டென்சர் மைக் என்றால் இப்போது 48 வோல்ட் பான்டம் பவரைப் போடுங்கள். மியூட் செய்யாமல் போட்டால் ஸ்பீக்கரில் பலமாக 'டப்' என்று அடிக்கும், டுவீட்டருக்கு ஆபத்து.
3. கலைஞரைப் பாடச் சொல்லுங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பது உதவாது. தார ஸ்தாயியில் ஒரு சங்கதி பாடச் சொல்லுங்கள். மிருதங்கக்காரரை ஒரு மோரா வாசிக்கச் சொல்லுங்கள்.
4. டிஜிட்டல் மீட்டரில் சாதாரணமாக −18 டெசிபல் அருகிலும், உச்சத்தில் −8, −6 வரையும் வரும்படி கெயினை வையுங்கள். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்துபோகும். அந்த உடைசலை எந்தக் கருவியாலும் பின்னால் சரிசெய்ய முடியாது.

குறிப்பு: சவுண்ட் செக்கில் யாரும் முழு மூச்சோடு பாடுவதில்லை. கச்சேரி சூடு பிடித்ததும் குரல் இன்னும் ஏறும். அதற்காகவே உச்சத்தில் இடம் விட்டிருக்கிறோம்.

## படி இரண்டு: லோ கட், கட்டையைக் கேட்டு

லோ கட் என்பது ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டர். கச்சேரி மேடை பெரும்பாலும் மரப்பலகை. தாளம் போடும் கை தொடையில் விழுவதும், யாராவது மேடையில் நடப்பதும், ஏசி இரைச்சலும் மைக்கில் ஏறும். குரல் சேனலில் இந்த ஒரு பட்டனே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். மிக்சரில் எனக்கு ஒரே ஒரு கருவியை மட்டும் அனுமதித்தால் இதைத்தான் கேட்பேன்.

எவ்வளவில் வெட்டுவது? 'ஆணுக்கு 80, பெண்ணுக்கு 120' என்று பொதுவாகச் சொல்வார்கள். கச்சேரியில் இன்னும் துல்லியமாகவே போகலாம், ஏனென்றால் பாடகரின் சுருதி நமக்கு முன்பே தெரியும். பாடகரிடமோ தம்புரா வைப்பவரிடமோ "எத்தனை கட்டை?" என்று கேளுங்கள்.

ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணுக்கு மத்திய ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்திர ஸ்தாயி பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். பாட்டு பெரும்பாலும் அதற்குக் கீழே அதிகம் இறங்காது. ஆகவே 80இல் வெட்டலாம். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு மத்திய ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 147. அவருக்கு 120இல் தயக்கமில்லாமல் வெட்டலாம். பாடகர் மந்திர ஸ்தாயியில் நிறைய சஞ்சாரம் செய்பவர் என்றால் 10, 15 ஹெர்ட்ஸ் இறக்கிக்கொள்ளுங்கள். வெட்டியபின் மந்திர பஞ்சமத்தில் நின்று பாடச் சொல்லி, ஃபில்டரைப் போட்டும் எடுத்தும் கேளுங்கள். குரல் மெலிந்தால் அளவு அதிகம்.

மிருதங்கத்துக்கு 40 ஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேலே போனால் தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்கியில் கை வைக்கிறீர்கள் என்று பொருள். வயலினுக்கு 100 அருகில் தொடங்குங்கள். கர்னாடக வயலின் பாடகரின் சுருதிக்குத் தாழ்த்திக் கட்டப்படுகிறது என்பதால் மேற்கத்திய வயலினுக்குச் சொல்லப்படும் அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள்.

## படி மூன்று: ஈக்யூ

பாராமெட்ரிக் ஈக்யூவில் ஒவ்வொரு பட்டைக்கும் மூன்று திருகுகள்: எந்த அதிர்வெண், எவ்வளவு கூட்டல் அல்லது குறைத்தல், எவ்வளவு அகலம். குறையைத் தேடும் முறை இது:

1. ஹெட்போனில் அந்தச் சேனலை மட்டும் கேளுங்கள். என்ன தொந்தரவு என்று ஒரு சொல்லில் சொல்லிப் பாருங்கள்: கும்மென்று இருக்கிறது, மூக்கில் பாடுவதுபோல் இருக்கிறது, காதைக் குத்துகிறது.
2. ஒரு பட்டையைக் குறுகலாக்கி 6 டெசிபல் கூட்டுங்கள். மெயின் ஸ்பீக்கர் திறந்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். ஒலி சட்டென்று கூவிவிடும். ஹெட்போனிலும் ஒலியளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
3. அதிர்வெண்ணை மெதுவாக நகர்த்துங்கள். தொந்தரவு மிக மோசமாகக் கேட்கும் இடத்தில் நில்லுங்கள்.
4. இப்போது கூட்டலைக் குறைத்தலாக்குங்கள். 3 டெசிபலில் தொடங்குங்கள். 6க்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் மைக் வைத்த இடமே தவறு. எழுந்து போய் மைக்கை நகர்த்துங்கள்.
5. ஈக்யூவைப் போட்டும் எடுத்தும் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள்: கும்மல் பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ். மூக்குத்தன்மை 800 முதல் 1,000 வரை. குத்தல் 2,500 முதல் 4,000. 'ஸ', 'ஷ' எழுத்துகளின் சீறல் 5,000 முதல் 8,000. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு மட்டுமே இவை.

மிருதங்கத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். தொப்பியில் ஆழம் வேண்டுமென்று 80 ஹெர்ட்ஸில் தாராளமாகக் கூட்டிவிடுவார்கள். சவுண்ட் செக்கில் கம்பீரமாக இருக்கும். கச்சேரியில் தொப்பியின் ஓசை அரங்கம் முழுக்கப் பரவிக் குரலின் அடிப்பகுதியை மூடிவிடும். பின் வரிசையில் சாகித்தியம் புரியாது. வலந்தலையின் மீட்டும் சாப்பும் தெளிவாகக் கேட்டாலே காது தொப்பியைத் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். எனவே முதலில் 300, 400 அருகே சற்றுக் குறைத்துப் பாருங்கள். அநேகமாக வேறெதுவும் செய்யத் தேவைப்படாது.

இன்னொரு விஷயம். வலந்தலை பாடகரின் ஸட்ஜத்துக்குச் சுருதி சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் ஈக்யூவைக் குறுகலாகவும் ஆழமாகவும் வெட்டினால் மிருதங்கத்தின் நாதமே போய்விடும். கலைஞர் எவ்வளவு அழகாகச் சுருதி சேர்த்திருந்தாலும் வீண்.

## மானிட்டர் கூவாமல் இருக்க

கச்சேரிகளில் ஃபீட்பேக் பெரும்பாலும் மெயின் ஸ்பீக்கரிலிருந்து வருவதில்லை. கலைஞர் முன்னால் தரையில் இருக்கும் மானிட்டரிலிருந்து வருகிறது. அவர் கீழே உட்கார்ந்திருக்கிறார், மைக் தாழ்வாக இருக்கிறது, மானிட்டர் ஒன்றிரண்டு அடி தள்ளி இருக்கிறது. "சார், சுருதி கேக்கலை, கொஞ்சம் கூட்டுங்க" என்று அவர் கையைத் தூக்கிக் காட்டும்போது நீங்கள் கூட்டியாக வேண்டும். கூட்டுவதற்கு அங்கே இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை அரங்கம் காலியாக இருக்கும்போதே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் மானிட்டரின் இடம். ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம்தான் காது கேட்காத பக்கம். மானிட்டர் அங்கே இருக்கட்டும். பீட்டா 58ஏ போன்ற சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். மானிட்டரைப் பின்பக்கத்திலிருந்து ஓரமாகத் தள்ளுங்கள். பிறகு:

1. மேடையில் யாரும் மானிட்டர் அருகே இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். "சத்தம் வரப்போகுது" என்று குரல் கொடுங்கள். ஒரு கை எப்போதும் மியூட் பட்டன் மேல் இருக்கட்டும். காதில் இயர்பிளக் வைத்துக்கொள்ளுங்கள்.
2. மானிட்டர் அவுட்டில் 31 பட்டை கிராஃபிக் ஈக்யூவைப் போட்டு, எல்லாப் பட்டையையும் நடுவில் வையுங்கள்.
3. குரல் மைக்கின் மானிட்டர் அனுப்பலைப் பொறுமையாக ஏற்றுங்கள். லேசாக மணி அடிப்பதுபோல் ஒரு சுரம் நீளத் தொடங்கும். அங்கேயே நிறுத்துங்கள், முழுக்கக் கூவவிட வேண்டியதில்லை.
4. மிக்சரின் திரையில் அனலைசர் இருந்தால் எந்தப் பட்டை நிமிர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டையை 3 டெசிபல் இறக்குங்கள்.
5. மறுபடி ஏற்றுங்கள். அடுத்த சுரம் வரும். இப்படி மூன்று, நான்கு பட்டைகள்.
6. ஐந்துக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் இறக்கினால் கூவலோடு சேர்ந்து பாட்டும் போய்விடும். கலைஞர் "ஒண்ணுமே தெளிவா இல்லை" என்று இன்னும் கூட்டச் சொல்வார்.
7. முடிந்ததும் அனுப்பலை 6 டெசிபல் இறக்கி வையுங்கள். கச்சேரியில் அவர் கேட்கும்போது கூட்ட அதுதான் உங்கள் கையிருப்பு.

கலைஞர் வந்து உட்கார்ந்ததும் ஒருமுறை சரிபாருங்கள். அவருடைய முகமும் உடலும் மானிட்டர் ஒலியை மைக்குக்குத் திருப்பிவிடும். காலி மேடையில் அமைதியாக இருந்த சுரம் அப்போது எழலாம்.

## கேட்

கேட் என்பது ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் சேனலை மூடிவிடும் கருவி. டிரம்ஸ் மேடையில் நல்ல உதவி. கச்சேரியில் வேண்டாம். ஆலாபனை மெலிந்து தேயும் இடத்தில் கேட் மூடினால் பாட்டின் வாலை வெட்டியதாகிவிடும். தம்புராவில் போட்டால் நாதம் விட்டுவிட்டு வரும். மிக்சரில் முந்தைய நிகழ்ச்சியின் அமைப்பு தங்கியிருந்தால், எல்லாச் சேனலிலும் கேட் அணைந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

## படி நான்கு: கம்ப்ரசர்

கம்ப்ரசர், நீங்கள் வைக்கும் வாசல் அளவைத் (திரெஷோல்ட்) தாண்டும் ஒலியை விகிதப்படி அமுக்கும். கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். வாசல் −20 டெசிபல். குரல் −8க்கு ஏறுகிறது. 12 டெசிபல் தாண்டுகிறது. விகிதம் 3:1 என்றால் அந்த 12, 4 ஆகும். மீதி 8 டெசிபலைக் கருவி விழுங்கிவிட்டது. பேச்சுக்கு இது பரவாயில்லை. பாட்டுக்கு அதிகம். மத்திய ஸ்தாயியிலிருந்து தார ஸட்ஜத்துக்குப் போய் நிற்கும்போது பாடகர் எடுக்கும் வீச்சுதான் கச்சேரியின் உயிர். அதை 8 டெசிபல் தட்டையாக்கினால் ரசிகர்களுக்குக் காரணம் தெரியாமலேயே சலிப்பு வரும்.

1. விகிதம் 2:1 அல்லது 2.5:1. அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 15 மில்லிசெகண்டு. ரிலீஸ் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) 150 மில்லிசெகண்டு. மேக்கப் கெயின் (அமுக்கியபின் ஒலியைத் திரும்ப ஏற்றும் திருகு) பூஜ்யம்.
2. பாடகரைத் தார ஸ்தாயியில் பாடச் சொல்லுங்கள். எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் மீட்டரைப் பார்த்தபடி வாசலை இறக்குங்கள். உச்சத்தில் 3, 4 டெசிபல் காட்டினால் நிறுத்துங்கள்.
3. மென்மையாகப் பாடச் சொல்லுங்கள். மீட்டர் அசையவே கூடாது. அசைந்தால் வாசலை ஏற்றுங்கள்.
4. போட்டும் எடுத்தும் கேளுங்கள். நல்ல அமைப்பில் கருவி இருப்பதே தெரியாது.

அதிகம் பார்க்கும் தவறு மேக்கப் கெயினில்தான். "சத்தம் குறைஞ்சுபோச்சு" என்று அதை 6, 8 டெசிபல் ஏற்றுவார்கள். அப்போது பாடகர் வாய் திறக்காத நேரத்திலும் அந்த மைக் 6, 8 டெசிபல் அதிகமாகத் திறந்திருக்கும். மிருதங்கமும் மானிட்டரும் அதில் ஏறும். இரண்டு பாட்டுக்கு இடையே அமைதியில் கூவல் எழும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அரங்கம் காரணமில்லாமல் கூவத் தொடங்கினால் முதலில் மேக்கப் கெயினைப் பாருங்கள்.

மானிட்டருக்குப் போகும் குரல் கம்ப்ரசருக்கு முன்பிருந்தே போனால் இந்தச் சிக்கல் பாதி குறையும். எந்தக் கட்டத்திலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி பல டிஜிட்டல் மிக்சர்களில் உண்டு. இல்லையென்றால் ஒரே மைக்கை இரண்டு சேனல்களுக்குக் கொடுங்கள்: ஒன்று அரங்கத்துக்கு, ஈக்யூ கம்ப்ரசரோடு, மற்றொன்று மானிட்டருக்கு மட்டும், லோ கட்டோடு. கச்சேரிக்கு 16 சேனல் இருக்கும்போது இந்த வசதியை விடாதீர்கள். அரங்கத்துக்காக நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் கலைஞரின் காதைத் தொடாது.

மிருதங்கத்துக்குக் கம்ப்ரசர் தேவைப்படுவது அரிது. போட்டால் அட்டாக்கை 30 மில்லிசெகண்டுக்குத் தள்ளுங்கள். 1, 2 என்று வைத்தால் சாப்பின் முதல் வெட்டே அமுங்கிவிடும். அட்டைப்பெட்டியைத் தட்டியது போலிருக்கும்.

## படி ஐந்து: ரிவெர்ப்

மண்டபத்தின் சுவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மேடையில் நின்று கையைத் தட்டுங்கள். தட்டிய ஓசை நீண்டு கேட்டால் ரிவெர்ப் வேண்டாம். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் கல்யாண மண்டபங்களில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. திரைச்சீலையும் குஷன் நாற்காலியும் உள்ள வறண்ட அரங்கில்தான் இதற்கு வேலை.

1. சேனலுக்குள்ளேயே ரிவெர்பைச் செருகாதீர்கள். தனி எஃபெக்ட் பஸ்ஸுக்குக் குரலையும் வயலினையும் அனுப்புங்கள். திரும்பி வருவது தனி ஃபேடரில் வரட்டும்.
2. நீளம் 1.2 முதல் 1.5 விநாடி. முன் தாமதம் 20 முதல் 30 மில்லிசெகண்டு. இந்தத் தாமதத்தால் சொல் முதலில் தெளிவாக விழும். நிழல் பின்னால் வரும்.
3. திரும்பி வரும் சேனலில் 200க்குக் கீழும் 6,000க்கு மேலும் வெட்டுங்கள்.
4. ஃபேடரை, ரிவெர்ப் காதில் தெரியும் வரை ஏற்றி, தெரியாமல் போகும் வரை இறக்குங்கள். அங்கேதான் அது இருக்க வேண்டும்.
5. மிருதங்கத்தையும் கடத்தையும் அனுப்ப வேண்டாம். வேகமான நடையில் சொற்கட்டு குழம்பிவிடும்.

மானிட்டரில் ரிவெர்ப் போகக்கூடாது. கலைஞர் தம் சுருதியைச் சரிபார்க்க முடியாது. பாட்டுக்கு நடுவே பாடகர் ராகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடனே ரிவெர்பை மியூட் செய்யுங்கள். அதற்கென்று ஒரு பட்டனை ஒதுக்கி, விரல் தானாகப் போகும்படி பழகுங்கள்.

## பின்வரிசை ஸ்பீக்கருக்கு டிலே

அரங்கின் நடுவிலோ பின்னாலோ கூடுதல் ஸ்பீக்கர் இருந்தால், மேடை ஒலி வந்து சேரும்வரை அது காத்திருக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும், மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்டு. மெயின் ஸ்பீக்கரிலிருந்து 20 மீட்டர் தள்ளி என்றால் 58 மில்லிசெகண்டு. அதோடு 10 சேர்த்து 68 வையுங்கள். அப்போது பின்வரிசைக்காரருக்கும் ஒலி மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

## பாதுகாப்பு: லிமிட்டர், காது, எர்த்

மெயின் அவுட்டில் லிமிட்டரைக் கட்டாயம் போடுங்கள். மைக் கீழே விழும்போது ஸ்பீக்கரைக் காப்பாற்றுவது அதுதான். கச்சேரி நடக்கும்போது அதன் விளக்கு எரியவே கூடாது. எரிந்துகொண்டே இருந்தால் ஒலியளவு அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அரங்க வழிமுறை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அது ராக் மேடைகளையும் மனத்தில் வைத்துச் சொன்ன மேல் வரம்பு. கச்சேரிக்கு ரசிகர் இடத்தில் 80 முதல் 85 போதும். அதற்கு மேல் கேட்கும் அமைப்பாளரிடம் பொறுமையாகப் பேசுங்கள். முதல் வரிசையில் உட்காருபவர்களில் பலர் முதியவர்கள். செவிக்கருவி வைத்திருப்பவருக்கு அதிக சத்தம் வலியே தரும். திறந்தவெளியில் கோயில் விழாவுக்கு வைக்கிறீர்கள் என்றால் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம்.

ஸ்பீக்கரில் 'ஹம்' வந்தால் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒருபோதும் செய்யாதீர்கள். பாடகரின் உதடு மைக்கை ஒட்டியிருக்கிறது. மின்கசிவு நேர்ந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். மேடைக் கருவிகளையும் மிக்சரையும் ஒரே மின் இணைப்பிலிருந்து எடுங்கள்.

## கச்சேரி நடக்கும்போது

வர்ணம் முடிவதற்குள் பெரிய மாற்றங்களை முடித்துவிடுங்கள். பிறகு கை ஃபேடரில் மட்டும் இருக்கட்டும். வயலின் தனியாக ராகம் வாசிக்கும்போது 2 டெசிபல் ஏற்றி, பாடகர் எடுக்கும்போது பழைய இடத்துக்கு இறக்குவது எந்தக் கம்ப்ரசரும் செய்ய முடியாத வேலை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தைத் தூக்கத் தோன்றும். 2 டெசிபலுக்கு மேல் வேண்டாம். மற்றவை அமைதியாகிவிட்டதால் அது தானாகவே பெரிதாகக் கேட்கும். அந்த நேரத்தில் குரல் மைக்கை 10 டெசிபல் இறக்கி வைத்து, கோர்வை முடிந்து பல்லவி எடுப்பதற்கு முன் ஏற்றிவிடுங்கள். பாடகரின் தாளக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தவறாது.

முடிந்ததும் அமைப்பைப் பாடகரின் கட்டையோடு சேர்த்துப் பெயரிட்டுச் சேமியுங்கள். ஆம்ப்ளிஃபையரை முதலில் அணையுங்கள், மிக்சரைக் கடைசியில். தொடங்கும்போது இதற்கு நேர் எதிர். அடுத்த முறை அந்த அமைப்பைத் திரும்ப எடுக்கும்போது கெயினும் பான்டம் பவரும் சேர்ந்தே திரும்பி வரும் என்பதால், மெயினையும் எல்லா மானிட்டர்களையும் மியூட் செய்துவிட்டு எடுங்கள்.